ஏழாம் எண் சுருட்டின் மூன்றாம் பகுதி

மணி அடித்தால் நிறுத்திவிடுவேன் என்று நம்பி என் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்திருக்கும் அருமைத் தலைவர் அவர்களே! மேடையின் வலப்பக்கம் வீற்றிருந்து, இவன் என்ன பேசித் தொலைக்கப் போகிறானோ என்று இப்போதே வியர்த்துக்கொண்டிருக்கும் ஆலை நிர்வாகப் பெருமக்களே! எனக்கு முன்பே இந்தக் கூடத்தின் இலை வாசனையைச் சுவாசித்து, எனக்குப் பின்பும் சுவாசிக்கப் போகும் மூத்தோர்களே! இலையின் நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டே உரித்தெடுக்கும் கைகளுக்கு உரிமை படைத்த தாய்மார்களே! சுருட்டுவோரே, சுமப்போரே, பெட்டி செய்வோரே, பின்வரிசையில் பேசிக்கொண்டே இருப்போரே! உங்கள் உழைப்பை முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் புகையாக்கிப் பிழைத்த இந்த நாக்கு, உங்கள் எல்லோருக்கும் முதலில் தன் பணிவான வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறது!

எனக்கு முன் பேசியவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்தார்கள் என்று சொன்னால் போதாது, புகழால் குளிப்பாட்டித் துவட்டிவிட்டார்கள். ஒரு இழுப்பு இழுத்தால் போதுமாம், இலை எந்தச் சரிவில் விளைந்தது, எந்த மாதம் பறித்தது, எத்தனை ஆண்டு கிடந்தது எல்லாம் இந்த நாக்கு சொல்லிவிடுமாம். ஐயா, முதல் வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத நாக்கு இது என்று அவர் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். இந்த மண்டபத்தில் என்னை முழுசாகச் சுவைத்துப் பார்த்து மதிப்பெண் போட்டவர் அவர் ஒருவர்தான். எவ்வளவு போட்டார் என்று கேட்காதீர்கள்.

அதோ மேசையில், நீல வெல்வெட் பெட்டியில், ஒரு பதக்கம் இருக்கிறது. 'சுவைமாமணி' என்ற பட்டமும் அதனோடு சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அரைமணி நேரமாக அது அங்கே இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. உங்களில் சிலர் கவனித்திருப்பீர்கள். ஏன் தொடவில்லை என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

சுருட்டைச் சுவைப்பது என்றால் என்ன? நெருப்பு வைத்து நெஞ்சு நிறைய இழுப்பதா? வளையம் வளையமாக விட்டு வருகிறவர் போகிறவரை மயக்குவதா? இல்லை, தாய்மார்களே! அது வேலை. உங்கள் வேலையைப் போலவே உட்கார்ந்து முதுகு வலிக்கச் செய்யும் வேலை. அதற்கு ஒரு அறை உண்டு. வெள்ளைச் சுவர், சாம்பல் நிற மேசைவிரிப்பு, பூச்சாடிகூடக் கிடையாது. அன்று காலை முகத்தில் பவுடர் போட்டு வந்தவருக்கு உள்ளே இடமில்லை. சுருட்டின் கழுத்துப் பட்டையைக் கழற்றி, வெறும் எண் ஒட்டி, தட்டில் கொண்டு வருவார்கள். எந்த மேசையில் யார் சுருட்டியது என்று எங்களுக்குத் தெரியாது. காதருகே வைத்து மெல்ல அமுக்கிக் கேட்போம். மேல் இலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்போம். தலையைக் கத்தரித்து, பற்ற வைக்காமலேயே ஒரு முறை இழுத்துப் பார்ப்போம். அதன் பிறகுதான் நெருப்பு.

நெருப்பு வைத்த பின், சுருட்டை மூன்று பகுதியாகப் பிரித்து மதிப்பிட வேண்டும். எங்கள் அட்டையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதல் பகுதிக்குத் துணை வெறும் தண்ணீர். இரண்டாம் பகுதியில்தான் ரம் வரும், சின்னக் கிண்ணத்தில். மூன்றாம் பகுதிக்குப் பால் சேர்க்காத, சர்க்கரை சேர்க்காத காபி. ஏன் இந்த வரிசை? ரம் இனிப்பானது, பழைய ரம் இன்னும் இனிப்பானது. அது ஒரு சுருட்டின் குறையை மூடி மறைக்கும், இன்னொரு சுருட்டின் நிறைவை நசுக்கிப் போடும். காபி யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்காது. சுருட்டும் பானமும் சம்பந்தி வீட்டார் மாதிரி. ஒருவர் பேசும்போது மற்றவர் கொஞ்சம் அடங்கி இருந்தால்தான் கல்யாணம் நடக்கும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிமேல் சிரிப்பு குறையும்.

புகை உடம்புக்குக் கெடுதல் என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். ஆலை மருத்துவர்தானே? உண்மைதான் டாக்டர். உங்களிடம் நான் வாதாட வரவில்லை. நான் இன்று பேச வந்த கெடுதல் வேறு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைய தட்டில் பதினோரு எண்கள், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒரு சுருட்டு. மூன்று பேர் மேசையில் இருந்தோம். நான் ஒருவன். இப்போது இந்த மேடையில் தலைமை வகிக்கும் நம் முதலாளி ஒருவர். அதோ முதல் வரிசையில் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் இலைக்கிடங்கு மேலாளர் மற்றொருவர். அன்று முதலாளி ஒரு புதுப் புட்டி ரம் கொண்டு வந்திருந்தார். இருபது ஆண்டு பீப்பாயில் கிடந்த ரம். திறந்ததும் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆறு சுருட்டு முடிந்து ஏழாம் எண் வந்தபோது, பற்ற வைத்து இரண்டு இழுப்புகூட இழுக்கவில்லை, என் கை தானாகக் கிண்ணத்தைத் தேடிப் போயிற்று. தண்ணீர் குடிக்க வேண்டிய இடத்தில் ரம் குடித்தேன்! மற்றவருக்கு நான் போட்ட விதியை நானே மீறினேன்!

ரம்மின் இனிப்பில் ஊறிய வாய்க்கு ஏழாம் எண் எப்படி இருக்கும்? காய்ந்த மரப்பட்டை போல இருந்தது. காகிதம் போல இருந்தது. இரண்டாம் பகுதியில் கொஞ்சம் மிளகுக் காரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அவ்வளவுதான். இதில் ஒன்றும் இல்லை என்று சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். வைத்தது தவறில்லை. வைத்துவிட்டு அட்டையை எடுத்தேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். மூன்றாம் கட்டத்தில் எழுதினேன்: 'சூடு ஏறுகிறது. முடிவில் கசப்பு.' நூற்றுக்கு எழுபத்தொன்று.

புகைத்துப் பார்க்காத பகுதிக்கு மதிப்பெண் போட்டேன், பெரியோர்களே! வாயில் வைக்காததைக் கசக்கிறது என்று எழுதினேன்! பொய் எழுத வேண்டும் என்று எழுதவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்து எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அதுதான் இன்னும் மோசம். பொய் சொல்கிறவனுக்காவது தான் சொல்வது பொய் என்று தெரியும்.

மற்ற இருவர்? எங்கள் அட்டைகளை நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டுவதில்லை. ஆனால் அட்டையைத்தான் மறைத்தோமே தவிர, கண்ணை யாரும் மறைக்கவில்லை. பெரியவர் வைத்துவிட்டார் என்றால் அதில் ஏதோ குறை இருக்கிறது என்று ஒரு நிமிடத்துக்குள் இரண்டு சுருட்டுகள் என் சுருட்டுக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டன. தலைவர் மணியைத் தொடுகிறார். அடியுங்கள் ஐயா, நான் நிறுத்தப் போவதில்லை.

நம் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சுவைத்து மிஞ்சிய துண்டுகளைத் தகரப் பெட்டியில் போட்டு, அட்டையோடு சேர்த்து, செய்தவருக்கே அனுப்பிவிடுவோம். துண்டை நெடுக அறுத்துப் பார்த்தால் எது சரியாக எரிந்தது, எது எரியவில்லை என்று செய்தவருக்குத் தெரியும். சுருட்டில் ஒரு விரல் அளவுதான் மிஞ்ச வேண்டும். ஏழாம் எண்ணின் பெட்டி, எந்த இலையோடு எதைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் கலவை மேசையில் இருந்த ஒரு பெண்மணிக்குப் போயிற்று. அவரை நீங்கள் எல்லோரும் 'ஊசி' என்று கூப்பிடுவீர்கள். இலையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தூக்கி ஓரத்தில் வைத்துவிடுவார் என்பதால் வந்த பெயர்.

மறுநாள் காலை அவர் சுவைக்கூடத்துக்கு வந்தார். கதவைத் தட்டினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து மூன்று துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் மூன்று விரல் நீளம்.

"ஐயா, இது உங்க துண்டுதானே?"

"ஆமாம்மா. பல் தடம் என்னோடதுதான்."

"அட்டையில மூணாவது பகுதி கசக்குதுன்னு எழுதியிருக்கீங்க."

"எழுதியிருக்கேன்."

"மூணாவது பகுதி இதோ இங்க இருக்கே ஐயா. அப்போ அந்தக் கசப்பு எங்க இருந்து வந்துச்சு?"

'மன்னித்துவிடு அம்மா' என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. இந்த நாக்கு எத்தனையோ சுவை அறிந்த நாக்கு, அந்த இரண்டு வார்த்தைக்குப் புரளவில்லை. "இத்தனை வருஷ நாக்கும்மா இது. முன்னாடி ரெண்டு பகுதியைப் பார்த்தாலே பின்னாடி வரப்போறது தெரிஞ்சுடும்" என்றேன். இளித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. "செஞ்ச எனக்கே தெரியலையே ஐயா" என்றார். "அந்த இலையை மூணு வருஷம் பதப்படுத்தினேன். அதைக் கடைசி மூணு விரல்லதான் வெச்சிருக்கேன். அது வர்றப்போ எடுப்பா இருக்கணும்னுதான் முன்னாடி ரெண்டு பகுதியையும் அடக்கி வெச்சேன். நீங்க அது வர்றதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டீங்க."

பிறகு மேலங்கிப் பையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு முழுச் சுருட்டை எடுத்து வைத்தார். "இது ஒண்ணுதான் மிச்சம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் முடியற வரைக்கும் பிடிச்சுப் பாருங்க. அதுக்கு அப்புறமும் எழுபத்தொண்ணுதான்னு சொன்னா, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

எடுத்துக்கொண்டு போய் வீட்டில் ஒரு பெட்டியில் வைத்தேன். பற்ற வைக்கவில்லை.

ஏன் பற்ற வைக்கவில்லை? நேரமில்லையா? மறந்துவிட்டேனா? தாய்மார்களே, பயந்தேன்! அது நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். முதல் வாரம் தள்ளினேன். அடுத்த மாதம் தள்ளினேன். அதற்குள் அந்தக் கலவை தேறவில்லை என்று முடிவாகி, அவர் பதப்படுத்தி வைத்திருந்த இலையெல்லாம் சாதாரணச் சுருட்டுக்குள் போய்க் கலந்துவிட்டது. அவரைக் கலவை மேசையிலிருந்து பெட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள். நான்கு ஆண்டுகளாக அவர் பெட்டிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார். நம் நாட்டிலேயே நன்றாக இலையைப் புரிந்துகொண்ட இரண்டு கைகள், நான்கு ஆண்டுகளாகப் பசையில் இருக்கின்றன. தினமும் அந்த வழியாகத்தான் நான் போவேன். தினமும், "வணக்கம் ஐயா" என்பார். ஒரு நாளாவது முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். அந்த வணக்கம் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

மூன்று வாரம் முன்பு இந்தப் பதக்கம் பற்றிய கடிதம் வந்தது. என் மனைவி இரண்டு தடவை படித்தார். "சந்தோஷம்தானே? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை சோறு சரியாக இறங்கவில்லை. ஞாயிறு மதியம், கொல்லைப்பக்கப் படியில் போய் உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து அந்தச் சுருட்டை எடுத்தேன். பக்கத்தில் தண்ணீர், ஒரு கோப்பைக் கறுப்புக் காபி. ரம் கிடையாது.

முதல் பகுதி அமைதியாக இருந்தது. அன்று மரப்பட்டை என்று எழுதினேனே, அது மரப்பட்டை இல்லை. ஈர மரம், அப்போதுதான் இழைத்த பலகை. இரண்டாம் பகுதியில் அந்த மிளகு வந்தது, தலைகாட்டியது, தணிந்தது. சாம்பல் ஒரு அங்குலம் உதிராமல் நின்றது. அன்று நான் கீழே வைத்த இடம் வந்தபோது, ஒரு வாய் தண்ணீர் குடித்து நாக்கைக் கழுவிக்கொண்டேன்.

வந்தது, பெரியோர்களே! அந்த இலை வந்தது! சுட்ட ரொட்டியின் மேல்தோல் போல வந்தது. வறுத்த முந்திரி போல வந்தது. பேரீச்சை போல ஒரு இனிப்பு நாக்கின் பின்பக்கம் வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் ஒரு வாய் காபி குடித்தேன். சர்க்கரை போடாத காபி இனித்தது! முப்பத்திரண்டு ஆண்டில் எத்தனையோ ஜோடி சேர்த்துப் பார்த்திருக்கிறேன், காபியின் கசப்பைத் தானே எடுத்துக்கொண்டு இனிப்பைக் காபிக்குக் கொடுத்த சுருட்டை அன்றுதான் பார்த்தேன். நான்கு ஆண்டு பெட்டியில் கிடந்ததால் இலை இன்னும் கனிந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அந்தச் சாக்கும் நிற்கவில்லை. இல்லாததைக் காலம் கனிய வைக்காது.

என் மனைவிக்கு இந்தப் புகை என்றாலே ஆகாது. நான் பற்ற வைத்தால் சமையலறை ஜன்னல் படார் என்று சாத்தும். அன்று சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன், சாத்தலையா?" என்றேன்.

"சாத்தத்தான் வந்தேன்" என்றார். அங்கேயே நின்றார்.

விரல் சுடும் வரை பிடித்தேன். பிறகு படியில் உட்கார்ந்தபடியே அழுதேன். அறுபத்தெட்டு வயதில் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன் என்று மேடையில் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு பெரிய காரியத்தைக் கண்ணெதிரே பார்த்த சந்தோஷத்தில் பாதி அழுகை. மீதி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கலவையில் உலகத்தில் மிச்சமிருந்த கடைசிச் சுருட்டை நான் பிடித்து முடித்துவிட்டேன். இனி நான் சொல்வதை யாரும் சோதித்துப் பார்க்கக்கூட முடியாது. நானாகச் சொன்னால்தான் உண்டு.

அவையோரே, ஒன்று கேட்கிறேன். சுருட்டோடு முடிகிற விஷயமா இது? பேச வந்தவரைப் பாதியில் நிறுத்தி, "நீ சொல்ல வர்றது எனக்குத் தெரியும்" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? பெற்ற பிள்ளையை, கட்டியவரை, கூடப் பிறந்தவரை, கூட வேலை செய்கிறவரை, இரண்டு பகுதி பார்த்துவிட்டு மூன்றாம் பகுதிக்கு நாமே மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்து போகவில்லையா? அனுபவம் அனுபவம் என்கிறோம். அந்த அனுபவம் கவனத்தைக் கொடுத்ததா, இல்லை கவனிக்காமல் இருக்கத் துணிச்சலைக் கொடுத்ததா? எனக்கு எது கொடுத்தது என்று நான் சொல்லிவிட்டேன். உங்கள் கணக்கை நீங்கள் பாருங்கள்.

இந்தப் பதக்கத்தை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டால் கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். யோசித்தேன், செய்ய மாட்டேன். அது அவரைக் கௌரவிப்பதாகாது. நான் தவறும் செய்துவிட்டுத் தாராளப் பேரும் வாங்கிக்கொள்வதாகும். அதற்குப் பதிலாக ஒரு காகிதம் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். இதில் மூன்று வரி இருக்கிறது. ஏழாம் எண்ணின் மூன்றாம் பகுதியை நாங்கள் மூவரும் சுவைக்கவில்லை, அந்த மதிப்பெண் செல்லாது என்பது முதல் வரி. அவர் நாளை முதல் கலவை மேசைக்குத் திரும்புகிறார், இலைக்கிடங்கில் அவர் கேட்கும் இலை அவருக்குக் கிடைக்கும் என்பது இரண்டாவது. நான் சுவைக்கூடத்திலிருந்து விலகுகிறேன் என்பது மூன்றாவது.

தலைவர் அவர்களே, தலையை ஆட்டுகிறீர்கள். தலையாட்டல் போதாது ஐயா, கையெழுத்து வேண்டும். இதோ பேனா.

போட்டுவிட்டார். மேலாளர் அவர்களே, நீங்கள்? அவரும் எழுந்து வருகிறார். தயவுசெய்து கைதட்டாதீர்கள். நாங்கள் மூன்று பேரும் நான்கு ஆண்டு தாமதமாக வந்திருக்கிறோம்.

ஊசியம்மா, எங்கே இருக்கிறீர்கள்? பின்னாலா? தூணுக்குப் பக்கத்தில். மேடைக்கு வாருங்கள் அம்மா, இது உங்களுடையது. என்ன? சத்தம் போடாதீர்கள், அவர் பேசட்டும்.

"நான் வரலை ஐயா. முதல்ல அந்த மூணாவது வரியை அடிங்க" என்கிறார்.

ஏனம்மா? நான் செய்ததற்கு இதுகூட வேண்டாமா?

"நீங்க விலகிட்டா உங்களுக்குச் சௌகரியம். எனக்கு என்ன? இலை பதமாக மூணு வருஷம் ஆகும். அது வந்து தட்டில நிக்கும்போது அந்த மேசையில நீங்க இருக்கணும். மூணாவது பகுதி முடியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு எழுதுங்க. ஆனா பிடிச்சுட்டு எழுதுங்க."

கேட்டீர்களா, அவையோரே? என்னை மன்னிப்பதாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை வேலை செய்யச் சொல்கிறார். விலகுவதைத் தண்டனை என்று நினைத்து நான் ஓடத் தயாராக இருந்தேன். நாற்காலியில் உட்கார் என்கிறார்.

அம்மா, மூன்றாம் வரியை உங்கள் கண் முன்னால் அடிக்கிறேன். அப்போது எனக்கு எழுபத்தொன்று ஆகியிருக்கும். பல் இருக்குமோ, படி ஏற முடியுமோ தெரியாது. நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாலும் அந்த மேசைக்கு வருவேன். எண்ணை மட்டும் பார்த்து, பெயர் தெரியாமல், முழுசாகப் பிடித்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். பயமாக இருக்கிறது. இருந்தாலும் வருவேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மணியைக் கையில் வைத்துக்கொண்டே அடிக்காமல் இருந்த தலைவருக்கும் என் நன்றி. இந்தக் காகிதத்தை அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டு போய்க் கொடுக்க வேண்டியவன் நான். இறங்கிப் போகிறேன். வழி விடுங்கள். வணக்கம்.